வாட்ஸ்அப்பில் வந்த ஏபிகே ஃபைலை அம்மா இன்ஸ்டால் செய்துவிட்டார்: இப்போது என்ன செய்வது?

கேள்வி: அம்மாவின் ஆண்ட்ராய்டு போனுக்கு சித்தப்பா எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் ‘ஆர்டிஓ சலான்’ என்ற பெயரில் ஒரு ஃபைல் வந்தது. வண்டிக்கு ஃபைன் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து அம்மா அதைத் தட்டி, கேட்டதற்கெல்லாம் அனுமதி கொடுத்துவிட்டார். இப்போது அந்த ஆப்பின் ஐகானே காணவில்லை. பணம் இன்னும் போகவில்லை. அம்மாவிடம் வங்கி ஆப் எதுவும் கிடையாது, யுபிஐ ஆப் ஒன்று மட்டும்தான். ஆன்டிவைரஸ் போட்டு ஸ்கேன் செய்தால் போதுமா? இனி போனில் பண விவகாரமே வேண்டாம் என்று நிறுத்திவிடலாமா?

பதில்:

மீதியைப் படிப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. அம்மாவின் போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் சிம்மைக் கழற்றி வீட்டில் இருக்கும் ஒரு பட்டன் போனில் போடுங்கள். 4ஜி மட்டும் எடுக்கும் சிம் என்றால் 4ஜி பட்டன் போன் வேண்டும். ஏபிகே என்பது ஆண்ட்ராய்டு போனில் ஆப்பை இன்ஸ்டால் செய்யும் ஃபைல், அது பட்டன் போனில் ஓடாது. இனி வங்கியிலிருந்து வரும் ஓடிபியும் எச்சரிக்கைச் செய்திகளும் வேறு யார் கண்ணிலும் படாமல் உங்களிடம் வந்து சேரும்.

அடுத்து, உங்கள் போனிலிருந்து அம்மாவின் வங்கியைக் கூப்பிடுங்கள். எண்ணை கூகுளில் தேடாதீர்கள், போலி கஸ்டமர் கேர் எண்கள் அங்கேயும் காத்திருக்கின்றன. ஏடிஎம் கார்டின் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணையே கூப்பிடுங்கள். கார்டு, யுபிஐ, நெட் பேங்கிங் மூன்றையும் நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். பணம் போகவில்லையே, எதற்கு என்று அங்கே கேட்டால், போனில் மால்வேர், அதாவது திருட்டு ஆப், ஏறிவிட்டது என்று சொல்லி, புகார் எண்ணையும் நேரத்தையும் எழுதி வாங்குங்கள். அந்த நேரம் ஏன் முக்கியம் என்று கீழே சொல்கிறேன்.

இது முடிந்ததும் அம்மாவிடம் ஒன்றை நிதானமாகக் கேளுங்கள். ஆப் திறந்தபோது ஏதாவது ஃபார்ம் வந்ததா? பெயர், பிறந்த தேதி, ஆதார், கார்டு எண், ஏடிஎம் பின் என்று எதையாவது நிரப்பினாரா? தயவுசெய்து திட்டாமல் கேளுங்கள். இத்தகைய சம்பவங்களில் பெரிய சேதம் நடப்பதற்கு ஒரு முக்கியக் காரணம், ஏமாந்தவர் பயத்திலும் வெட்கத்திலும் பாதியை மறைத்துவிடுவதுதான். ‘ஒரு ரூபாய் கட்டச் சொன்னது, கார்டு நம்பர் போட்டேன்’ என்ற ஒரு வரி இன்று வெளியே வருவதற்கும் நாளைக்கு வருவதற்கும் நடுவில் சேமிப்பு முழுவதும் போய்விடலாம்.

சரி, இந்த ஆப் உள்ளே என்ன செய்கிறது என்று பார்ப்போம். அது தெரிந்தால் எதைப் பூட்ட வேண்டும் என்பது தானாகவே விளங்கிவிடும்.

வங்கி ஆப்பின் பூட்டை உடைத்துத் திருடுகிறார்கள் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். சலான் ஏபிகே வகைகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்தச் சிரமமே தேவையில்லை. அவற்றுக்கு வேண்டியது உங்கள் சிம்முக்கு வரும் எஸ்எம்எஸ். அதனால்தான் ‘என் போனில் பேங்க் ஆப்பே இல்லை’ என்பது பாதுகாப்பாகாது. வங்கிக் கணக்கோடு பதிவான சிம் அந்த போனில் இருந்தாலே போதும்.

முதலில் வரும் ஃபைல் பல நேரம் வெறும் உறைதான். திறந்ததும் ‘அப்டேட் தேவை’ என்று காட்டி, உண்மையான திருட்டு ஆப்பை இரண்டாவதாக இறக்கும். அது எஸ்எம்எஸ் படிக்கவும் அனுப்பவும், அழைப்பு செய்யவும், நோட்டிஃபிகேஷன்களைப் பார்க்கவும் அனுமதி கேட்கும். கொடுத்ததும் ஐகானை மறைத்துக்கொள்ளும். ஐகான் காணாமல் போனதால் ஆப் தானாகவே அழிந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள், உள்ளே அது ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

இனி அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் செய்வதைக் கவனியுங்கள். ஒரு யுபிஐ ஆப்பைப் புதிய போனில் பதிவு செய்யும்போது, அங்கிருந்து ஒரு ரகசியக் குறியீடு எஸ்எம்எஸ்ஸாக வெளியே போகும். வங்கியில் பதிவான சிம்மிலிருந்து அது போனால்தான் கணக்கு இணையும். சிம் உங்கள் கையில் இருக்கும்வரை வேறு யாரும் பதிவு செய்ய முடியாது என்பதுதான் இந்த ஏற்பாட்டின் அடிப்படை. மால்வேரிடம் எஸ்எம்எஸ் அனுப்பும் அனுமதி இருந்தால் அந்தக் குறியீட்டை அது அம்மாவின் சிம்மிலிருந்தே அனுப்பிவிடும். வங்கியின் கண்ணுக்கு அது அம்மாவே பதிவு செய்வது போலத்தான் தெரியும்.

‘யுபிஐ பின் அவர்களுக்குத் தெரியாதே’ என்று தோன்றும். பழைய பின் அவர்களுக்குத் தேவையில்லை, புதிதாக ஒன்றை வைத்துக்கொள்வார்கள். அதற்குக் கார்டின் கடைசி 6 இலக்கங்கள், காலாவதி மாதமும் வருடமும், ஒரு ஓடிபி வேண்டும். சில வங்கிகள் ஏடிஎம் பின்னையும் கேட்கும். ஃபார்மில் கேட்ட விவரங்களை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள், ஒவ்வொன்றும் எதற்கு என்று புரியும். ஓடிபியோ மால்வேர் வழியாக நேராக அவர்களிடம் போகிறது. புதிய போனில் பதிவான யுபிஐக்கு முதல் 24 மணி நேரத்தில் பொதுவாக 5,000 ரூபாய்தான் வரம்பு. அந்த ஒரு நாள் நமக்குக் கிடைக்கும் அவகாசம். ஆனால் அதை நம்பி உட்கார முடியாது, ஏனென்றால் கார்டு வழியாகவும் நெட் பேங்கிங் வழியாகவும் பணம் போவதை இந்த வரம்பு தடுக்காது.

இன்னொரு விஷயம். பணம் போனால் மெசேஜ் வருமே என்றும் காத்திருக்க வேண்டாம். நோட்டிஃபிகேஷன் அனுமதி பெற்ற ஆப், வங்கியின் எச்சரிக்கையைத் திரையில் நிற்காமல் தள்ளிவிட முடியும். அந்த ஆப்பையே எஸ்எம்எஸ்ஸுக்கான டீஃபால்ட் ஆப்பாக ஆக்க அம்மா சம்மதித்திருந்தால், வந்த செய்தியை அழிக்கவும் முடியும். கால் ஃபார்வேர்டிங் போட்டுவிட்டு, சரிபார்க்கக் கூப்பிடும் வங்கியின் அழைப்பைத் தங்கள் பக்கம் திருப்புகிறவர்களும் உண்டு. சிம்மைப் பட்டன் போனில் போட்ட பிறகும் ஃபார்வேர்டிங் மொபைல் நிறுவனத்தின் பக்கத்தில் நிற்கும். பெரும்பாலும் ##002# டயல் செய்தால் நீங்கிவிடும். நீங்கவில்லை என்றால் கஸ்டமர் கேரில் சொல்லி எடுக்கச் சொல்லுங்கள். இப்போதைக்கு நம்பத் தகுந்த சாட்சி வங்கியின் பதிவேடுதான். இன்றே கிளைக்குப் போய்ப் பாஸ்புக் என்ட்ரி போட்டுப் பாருங்கள்.

இவற்றைவிட ஆபத்தான அனுமதி ஒன்று உண்டு: ஆக்சஸிபிலிட்டி. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குத் திரையில் இருப்பதை வாசித்துக் காட்டுவதற்காக ஆண்ட்ராய்டில் வைத்த வசதி இது. அதைப் பெற்ற ஆப், திரையில் உள்ளதைப் படிக்கவும் உங்களுக்குப் பதிலாகத் தட்டவும் முடியும். நீங்கள் செட்டிங்ஸில் அதை நீக்கப் போனால் அந்தப் பக்கத்தையே மூடிவிடும் மால்வேர்கள் இருக்கின்றன. ஆண்ட்ராய்டு 13 முதல், வெளியிலிருந்து வந்த ஏபிகேக்களுக்கு இந்த அனுமதியை கூகுள் தடுத்து வைத்திருக்கிறது. அந்தத் தடையைச் சுற்றி வரும் வழிகளையும் மோசடிக்காரர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

இது ஏதோ இரண்டு பையன்கள் வீட்டில் உட்கார்ந்து செய்யும் வேலையும் இல்லை. 2024 ஜூலையில் கிளவுட்செக் என்ற பாதுகாப்பு நிறுவனம், இந்தியர்களைக் குறிவைத்த போலி இ-சலான் ஏபிகே ஒன்றின் பின்னால் வியட்நாமைச் சேர்ந்த கும்பல் இருப்பதாகவும், 4,400-க்கும் மேற்பட்ட போன்களில் அது ஏறியிருப்பதாகவும் அறிக்கை வெளியிட்டது. 2025 பிப்ரவரியில் ஜிம்பீரியம் என்ற இன்னொரு நிறுவனம், இந்திய வங்கி வாடிக்கையாளர்களைத் தாக்கும் ஏறத்தாழ 900 மால்வேர் மாதிரிகளைப் பற்றி எழுதியது. திருடப்பட்ட சுமார் 50,000 பேரின் விவரங்கள் கடவுச்சொல் கூட இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்தன என்பதும் அதில் இருந்தது. அதாவது உங்கள் ஆதாரும் கார்டு எண்ணும் திருடியவரிடம் மட்டும் இருக்கும் என்றும் சொல்ல முடியாது. கார்டை நிறுத்தினால் மட்டும் போதாது, புதிய எண்ணில் வேறு கார்டு வாங்குங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுதான் காரணம். ஆதார் எண்ணை ஃபார்மில் போட்டிருந்தால், ஆதார் ஆப்பிலோ தளத்திலோ பயோமெட்ரிக்கை (கைரேகை, கருவிழிப் பதிவு) பூட்டி வையுங்கள்.

இனி போனைச் சுத்தம் செய்வது. ஆன்டிவைரஸ் ஸ்கேனை மட்டும் நம்ப வேண்டாம். புதிதாக வந்த மாதிரியை அது அடையாளம் காணாமல் போகலாம், ‘எதுவும் இல்லை’ என்று அது சொன்னதும் நாம் நிம்மதியாகிவிடுவோம். வந்த மெசேஜ், ஃபைலின் பெயர், செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலில் தெரியும் அந்த ஆப் எல்லாவற்றையும் வேறு போனால் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் அது ‘ஆர்டிஓ’ என்றே இருக்கலாம், ஐகான் இல்லாமலோ கூகுள் சர்வீஸ் போன்ற பெயரிலோ ஒளிந்தும் இருக்கலாம். பணம் போயிருந்தால் காவல்துறையில் கேட்ட பிறகே போனில் கை வையுங்கள். போகவில்லை என்றால் என் தெளிவான கருத்து, ஃபேக்டரி ரீசெட் செய்துவிடுங்கள், அதாவது எல்லாவற்றையும் அழித்து போனைப் புதிது போல ஆக்கிவிடுங்கள். அன்இன்ஸ்டால் செய்துவிட்டு, இரண்டாவது ஆப் ஏதும் மிச்சம் இருக்குமோ என்று மாதக்கணக்கில் பயந்துகொண்டிருப்பதைவிட அது மேல். புகைப்படங்களையும் தொடர்பு எண்களையும் மட்டும் எடுத்து வையுங்கள். அதற்காக வைஃபையைப் போட வேண்டாம், கேபிளில் கம்ப்யூட்டருக்கு ஏற்றுங்கள். ஆப்களை பேக்கப்பிலிருந்து மீட்காமல், பிளே ஸ்டோரிலிருந்து ஒவ்வொன்றாகப் புதிதாகப் போடுங்கள். ஜிமெயில், நெட் பேங்கிங் கடவுச்சொற்களைச் சுத்தமான வேறு போனிலிருந்து மாற்றுங்கள்.

ஒருவேளை பாஸ்புக்கில் பணம் போயிருப்பது தெரிந்தால் முதல் அழைப்பு 1930-க்கு. மத்திய உள்துறை அமைச்சகத்தின் சைபர் குற்ற உதவி எண் இது. இதன் பின்னால் காவல்துறையையும் வங்கிகளையும் இணைக்கும் ஒரு அமைப்பு 2021 முதல் இயங்குகிறது. புகார் பதிவானதும் பணம் போய்ச் சேர்ந்த கணக்கில் அந்தத் தொகையை முடக்கப் பார்ப்பார்கள். மோசடிக்காரர்கள் பணத்தை ஒரு கணக்கில் வைத்திருப்பதில்லை. வாடகைக்கு எடுத்த கணக்குகள் வழியாக வேகமாக மாற்றிக்கொண்டே போவார்கள். முடக்குவதற்கு முன் ஏடிஎம்மில் எடுத்துவிட்டால் மீட்பது மிகவும் கடினம். கணக்கு எண், பரிவர்த்தனை எண், தொகை, நேரம் நான்கையும் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்யலாம்.

புகார் நேரம் முக்கியம் என்று சொன்னேன் அல்லவா, அதற்குக் காரணம் ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை. வங்கியின் பக்கமும் வாடிக்கையாளரின் பக்கமும் தவறு இல்லாமல் மூன்றாம் நபரால் நடந்த மோசடியை, வங்கியின் தகவல் கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பே கிடையாது. 4 முதல் 7 வேலை நாட்கள் என்றால் ஒரு வரம்பு வரை மட்டும் பொறுப்பு. வாடிக்கையாளரின் அலட்சியத்தால் போனது என்றால், வங்கியிடம் தெரிவிக்கும் வரை போன பணத்தின் நஷ்டம் அவருக்கு, தெரிவித்த பிறகு போனால் நஷ்டம் வங்கிக்கு. ஃபார்மில் கார்டு விவரம் கொடுத்திருந்தால் வங்கி ‘அலட்சியம்’ என்றுதான் வாதிடும், அதற்குத் தயாராக இருங்கள். ஆனால் வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்று நிரூபிக்க வேண்டிய கடமை வங்கிக்கே என்பதும் அதே சுற்றறிக்கையில் இருக்கிறது. ஆகவே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாட்களில் பதில் இல்லை என்றாலோ, பதில் திருப்தியாக இல்லை என்றாலோ வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது.

இனி போனில் பண விவகாரமே வேண்டாமா என்ற கேள்விக்கு வருகிறேன். வேண்டாம் என்று நிறுத்தினாலும் சிம்முக்கு ஓடிபி வந்துகொண்டுதான் இருக்கும், ஆகவே ஆபத்து அப்படியே நிற்கும். மருந்துக் கடைக்கும் காய்கறிக்கும் அம்மா தானாகப் பணம் கொடுக்கும் வசதி மட்டும் போய்விடும். போனை எவ்வளவு காத்தாலும் ஒரு நாள் தவறு நடக்கும் என்று வைத்துக்கொண்டு, அன்றைக்குப் போகக்கூடிய தொகை சிறியதாக இருக்கும்படி ஏற்பாடு செய்வதுதான் நான் சொல்லும் வழி. பர்ஸில் செலவுக்கு வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைப் பீரோவில் பூட்டுகிற அதே பழக்கம்தான்.

பென்ஷனோ சேமிப்போ இருக்கும் கணக்கை யுபிஐயோடு இணைக்காதீர்கள். இன்னொரு வங்கியில் ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்கி, அதில் மாதச் செலவுக்கான பணத்தை மட்டும் போட்டு, அதை மட்டும் யுபிஐயில் வையுங்கள். முடிந்தால் பெரிய கணக்குக்கு வேறு மொபைல் எண்ணைக் கொடுத்து, அந்தச் சிம்மைப் பட்டன் போனிலேயே விட்டுவிடுங்கள். நான் சொல்வதில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

ஃபிக்ஸட் டெபாசிட் பத்திரமாக இருக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். பல வங்கிகளில் அதை நெட் பேங்கிங்கிலேயே முன்கூட்டி முடித்துச் சேமிப்புக் கணக்குக்கு மாற்றலாம், அதன்மேல் கடனும் எடுக்கலாம். ‘உங்களுக்காக முன்பே அனுமதிக்கப்பட்ட கடன்’ என்று ஆப்பில் காட்டுகிறதே, அதையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். இல்லாத பணத்தைத் திருடிவிட்டு, தவணையை ஏமாந்தவர் தலையில் கட்டுவது எவ்வளவு கொடுமை. கிளைக்குப் போகும்போது இவற்றை ஆன்லைனில் செய்ய முடியாதபடி நிறுத்தி வைக்க முடியுமா என்று எழுதிக் கேளுங்கள். கார்டில் ஆன்லைன் பயன்பாட்டையும் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் நாமே அணைத்து வைக்கவும் வரம்பு போடவும் வசதி தர வேண்டும் என்று 2020-லேயே ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருக்கிறது. பயன்படுத்தாததை எல்லாம் அணைத்துவிடுங்கள். எச்சரிக்கைகள் மின்னஞ்சலுக்கும் வரும்படி செய்து, அந்த மின்னஞ்சலை உங்கள் போனில் திறந்து வையுங்கள். அம்மாவின் போன் அடுத்தவர் கைக்குப் போனாலும் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

போனில் செய்ய வேண்டியவை குறைவுதான். செட்டிங்ஸில் ‘தெரியாத ஆப்களை இன்ஸ்டால் செய்தல்’ என்ற இடத்தில் வாட்ஸ்அப், குரோம், ஃபைல் மேனேஜர் எல்லாவற்றுக்கும் அனுமதி இல்லை என்று இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்கள் தானாக இறங்குவதை அணைத்துவிடுங்கள். பிளே ஸ்டோரில் ஆப்களைச் சோதிக்கும் பிளே ப்ரொடெக்ட் வசதி ஆனில் இருக்கட்டும். அதை அணைக்கச் சொல்லும் எந்த ஆப்பும் எந்த ஆளும் திருட்டுக்குத்தான் சொல்கிறார்கள். எஸ்எம்எஸ், நோட்டிஃபிகேஷன், ஆக்சஸிபிலிட்டி அனுமதி கேட்டு பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து வரும் ஆப்களைத் தானாகவே தடுக்கும் முறையை கூகுள் 2024-இல் முதலில் சிங்கப்பூரில் சோதித்தது, அந்த ஆண்டிலேயே இந்தியாவுக்கும் அறிவித்தது. இந்த அனுமதிகளைச் சுரண்டும் முக்கியமான மோசடி மால்வேர்கள் ஏறியதில் 95 சதவீதத்துக்கும் மேல் பிரவுசர், மெசேஜ் ஆப், ஃபைல் மேனேஜர் வழியாக வந்தவை என்று கூகுள் அப்போது சொன்னது. அந்த வாசலை அடைத்தாலே பெரும்பகுதி ஆபத்து வெளியே நின்றுவிடும்.

ஐபோனில் ஏபிகே ஓடாது. அதே ஃபார்ம் இணைப்பாக வந்தால் ஐபோன்காரரும் ஏமாறலாம், அவ்வளவுதான் வித்தியாசம்.

அம்மாவுக்கு நீளமான பாடம் வேண்டாம். கல்யாணப் பத்திரிகை, கரன்ட் பில், கேஸ் கேஒய்சி, பிஎம் கிசான், வங்கி ரிவார்டு பாயின்ட் என்று வேஷம் மாறிக்கொண்டே இருக்கும், எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய முடியாது. ‘வாட்ஸ்அப்பில் வந்ததைத் தட்டும்போது இன்ஸ்டால் என்ற சொல் வந்தால் நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிடுங்கள்’ என்பது போதும். பத்திரிகை படமாகவோ பிடிஎஃப் ஆகவோ வரும், அதைப் பார்க்க எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை. உண்மையிலேயே ஃபைன் இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால், மத்திய அரசின் பரிவாகன் இ-சலான் தளத்தில் நீங்களே போய் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்.

கடைசியாக, சித்தப்பாவை இன்றே கூப்பிடுங்கள், வாட்ஸ்அப்பில் வேண்டாம், சாதாரண அழைப்பில். அவர் வேண்டுமென்று அனுப்பியிருக்க மாட்டார். அவர் போனிலும் இதே ஆப் ஏறியிருக்க வேண்டும், அல்லது அவருடைய வாட்ஸ்அப் வேறு யாரிடமோ இருக்க வேண்டும். முதல் பத்தியில் சொன்ன வேலையை அவரும் செய்யட்டும். அதேபோல் போனைச் சுத்தம் செய்து வாட்ஸ்அப்பை மறுபடி போட்டதும் அம்மாவின் வாட்ஸ்அப்பில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ பகுதியைத் திறந்து, தெரியாத சாதனம் இருந்தால் வெளியேற்றிவிட்டு, இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போடுங்கள். ரீசெட் செய்வதற்கு முன்பே, அம்மாவின் எண்ணிலிருந்து யாருக்கெல்லாம் அந்த ஃபைல் போயிருக்கிறது என்று சாட்களில் பாருங்கள். குடும்ப குரூப்பில் உங்கள் எண்ணிலிருந்து ஒரு குரல் பதிவு போட்டு, திறக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். எழுத்துச் செய்தியைப் படிக்காமல் கடந்துபோகும் பெரியவர்கள்கூட உங்கள் குரலைக் கேட்பார்கள்.